ஆளில்லாத நாளுக்கான இணையதளம்

திறமூல மென்பொருள் திட்டம் ஒன்றுக்கு இணையதளம் அமைக்கும் பேச்சு எழுந்தால், அது பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் போகும். ஒருவர் வேர்ட்பிரஸ் என்பார், இன்னொருவர் துருபல் என்பார், மூன்றாமவர் ஹியூகோவையோ ஜெக்கிலையோ முன்மொழிவார். பிறகு ஒப்பீட்டு அட்டவணை ஒன்று தயாராகும். எத்தனை தீம் கிடைக்கிறது, எத்தனை பிளகின், பலமொழி வசதி உண்டா, தேடல் உண்டா என்று கட்டம் கட்டமாகச் சரிக்குறி போட்டு, அதிகக் குறி வாங்கியதைத் தேர்ந்தெடுப்பார்கள். இந்த அட்டவணையில் எல்லா உள்ளடக்க மேலாண்மை அமைப்புகளும் நன்றாகவே தேறும். ஏனென்றால் அது அளப்பது தளம் திறக்கும் நாளின் நிலவரத்தை. அன்றைக்கு ஆர்வம் ததும்பும் நாலு பேர் இருப்பார்கள். பார்க்க வேண்டியது இன்னொரு நாளை: அந்த நாலு பேரில் ஒருவர் வேலை மாறிவிட்டார், ஒருவருக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, ஒருவர் வேறு திட்டத்துக்குப் போய்விட்டார், மிஞ்சியவர் ஆறு மாதமாகத் தளத்துக்குள் நுழையவே இல்லை. சம்பளமில்லாத தன்னார்வலர்கள் நடத்தும் திட்டங்களுக்கு இப்படியொரு காலம் தவறாமல் வரும். அந்தக் காலத்தில் எது மிக மெதுவாகக் கெடுமோ அதைத்தான் முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும், மற்ற வசதிகள் எல்லாம் அதற்கு அடுத்த கணக்கு என்பதே என் வாதம்.

கெட்டுப்போனால் என்ன, ஒரு தளம்தானே என்று விட்டுவிட முடியாது. நிறுவனத்தின் அறிமுகப் பக்கம் கெட்டால் நிறுவனத்துக்குத்தான் தலைகுனிவு. திறமூலத் திட்டத்தின் தளத்திலோ மக்கள் மென்பொருளைப் பதிவிறக்குகிறார்கள். அந்தப் பக்கத்தை நம்பித்தான் தங்கள் கணினியின் முழு அதிகாரத்தையும் ஒரு கோப்பின் கையில் ஒப்படைக்கிறார்கள். 2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்ட் தளத்தில் நடந்ததைப் பார்த்தால் இது விளங்கும். ஊடுருவியவர்கள் தளத்தின் வேர்ட்பிரஸ் வழியாகச் சர்வருக்குள் புகுந்தார்கள். மின்ட் 17.3 சின்னமன் பதிப்பின் பதிவிறக்க இணைப்பை மாற்றினார்கள். புதிய இணைப்பு பல்கேரியாவில் இருந்த வேறொரு சர்வருக்குப் போனது. அங்கே வைத்திருந்த ஐஎஸ்ஓ கோப்பில் சுனாமி என்ற பின்கதவு நிரல் சேர்க்கப்பட்டிருந்தது. நிறுவியவரின் கணினியைத் தொலைவிலிருந்து ஆட்டுவிக்க அது போதும். மின்டின் மூல நிரலில் ஒரு வரிகூட மாறவில்லை. நிரலை எழுதியவர்கள், சோதித்தவர்கள், தொகுத்தவர்கள் எல்லோரும் தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தார்கள். கடைசிப் படியில், ஒரு வலைப்பக்கத்தில் இருந்த ஒரு முகவரியில், எல்லாம் வீணானது.

திட்டத்தின் தலைமைப் பராமரிப்பாளர் பிறகு வெளிப்படையாகச் சொன்ன விவரம் இன்னும் முக்கியமானது. ஒரு வேர்ட்பிரஸ் நிறுவலின் தீம் கோப்புறையில் யாரோ ஏற்றிவைத்த பிஎச்பி கோப்பு கண்டுபிடிக்கப்பட்டது. அந்த நிறுவலுக்கு வயது ஒரே நாள். பிளகின் எதுவும் கிடையாது. கோப்பு அனுமதிகள் மட்டும் தளர்வாக இருந்தன. பழைய பதிப்பை ஆண்டுக்கணக்கில் புதுப்பிக்காமல் வைத்திருந்ததால் வந்த வினை என்று இதைத் தள்ளிவிட முடியாது. வேர்ட்பிரஸ்ஸின் மேல் பழி போடுவதும் பொருந்தாது. பழுது அமைப்பின் வகையிலேயே இருக்கிறது. இப்படிப்பட்ட அமைப்பில் சர்வரில் ஓடும் நிரல் படங்களைச் சேமிக்க வேண்டும், தீம்களையும் பிளகின்களையும் இறக்கி வைக்க வேண்டும், தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளவும் வேண்டும். எனவே அதற்கு வட்டில் எழுதும் அதிகாரம் தேவை. எழுதிய கோப்பு பிஎச்பி கோப்பாக இருந்தால், அடுத்த நொடி அதே சர்வர் அதை இயக்கவும் செய்யும். எழுதும் அதிகாரமும் இயக்கும் அதிகாரமும் ஒரே இடத்தில், உலகில் யார் வேண்டுமானாலும் தட்டக்கூடிய கதவுக்குப் பின்னால் இருக்கின்றன. அனுமதிகளைச் சரியாக வைத்தால் இதைக் கட்டுக்குள் வைக்கலாம். யாராவது தொடர்ந்து சரியாக வைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் சிக்கல்.

உள்ளே நடப்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். வேர்ட்பிரஸ், துருபல், ஜூம்லா மூன்றும் பிஎச்பியில் எழுதப்பட்டவை. பக்கம் என்று ஒன்று அங்கே கோப்பாகக் கிடப்பதில்லை. வாசகர் ஒரு முகவரியைக் கேட்டதும் நிரல் எழுந்து, தரவுத்தளத்தில் கட்டுரையைத் தேடி எடுத்து, தலைப்பையும் பட்டியையும் இன்னொரு இடத்திலிருந்து எடுத்து, தீமின் அச்சில் வார்த்து, எச்டிஎம்எல் ஆக்கி அனுப்புகிறது. அடுத்த வாசகர் வந்தால் மறுபடியும் முதலிலிருந்து. இடையில் தற்காலிகச் சேமிப்பு வைத்து வேகப்படுத்தலாம், ஆனாலும் அடியில் இயந்திரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஒரு செய்தித்தாளுக்கோ கடைக்கோ இது நியாயமான ஏற்பாடு, அங்கே நிமிடத்துக்கு நிமிடம் உள்ளடக்கம் மாறுகிறது. ஒரு மென்பொருள் நூலகத்தின் தளத்தில் என்ன மாறும்? சில மாதங்களுக்கு ஒருமுறை புதிய பதிப்பு வரும், அவ்வப்போது ஆவணத்தில் பிழை திருத்தம் நடக்கும். மற்றபடி நேற்றுப் பார்த்தவருக்கும் இன்று பார்ப்பவருக்கும் ஒரே பக்கம்தான். மாறாத ஒன்றை ஒவ்வொரு முறையும் புதிதாகத் தயாரிக்க, ஒரு நிரலையும் தரவுத்தளத்தையும் இரவுபகலாக இணையத்தின் நடுவில் ஓடவிட்டிருக்கிறோம்.

ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தில் ஓட்டை தெரிந்துவிட்டால் அதை அடைக்க எவ்வளவு அவகாசம் கிடைக்கும் என்பதற்கு 2014 அக்டோபர் 15 ஒரு கணக்குத் தந்தது. அன்று துருபல் 7 பதிப்பில் இருந்த ஒரு பழுதும் அதற்கான திருத்தமும் அறிவிக்கப்பட்டன. பின்னாளில் துருபல்கெடான் என்று பெயர் பெற்ற பழுது அது. அது இருந்த இடம்தான் வேடிக்கை: வெளியிலிருந்து வரும் சொற்களை எஸ்கியூஎல் கட்டளையோடு கலந்துவிடாமல் காப்பதற்கென்றே எழுதப்பட்ட பகுதி. உள்நுழைவுப் படிவத்தில் பயனர் பெயர் என்ற கட்டத்துக்கு ஒற்றைச் சொல் வரும் என்று எதிர்பார்த்தார்கள். அதற்குப் பதில் ஒரு வரிசை வந்தால், அதன் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு இடக்குறி உருவாக்கிக் கட்டளையில் செருகும் வேலையை நிரல் செய்தது. உறுப்புகளின் மதிப்புகளைக் கவனமாகத் துப்புரவு செய்தது. உறுப்புகளின் குறியீட்டுப் பெயர்களை அப்படியே கட்டளைக்குள் விட்டுவிட்டது. அந்தப் பெயரிலேயே எஸ்கியூஎல் எழுதி அனுப்பினால், கடவுச்சொல் எதுவும் இல்லாமல் தரவுத்தளம் முழுவதும் கைக்கு வந்துவிடும். இரண்டு வாரம் கழித்து, அக்டோபர் 29 அன்று, துருபலின் பாதுகாப்புக் குழு எச்சரிக்கை ஒன்று வெளியிட்டது. முதல் அறிவிப்பு வந்து 7 மணி நேரத்துக்குள் திருத்தம் போடாத ஒவ்வொரு துருபல் 7 தளமும் ஊடுருவப்பட்டதாகவே கருதிக்கொள்ளுங்கள் என்பது அதன் சாரம். இன்னொரு குறிப்பும் அதில் இருந்தது: நீங்கள் போடாமலே திருத்தம் போடப்பட்டிருந்தால் மகிழாதீர்கள், உள்ளே புகுந்தவர்கள் பிற திருடர்கள் வராமலிருக்க ஓட்டையைத் தாங்களே அடைத்திருக்கக்கூடும். இந்த அளவு நேர்மையோடு பேசிய குழுவைப் பாராட்ட வேண்டும். ஆனால் 7 மணி நேரம் என்பதை ஒரு தன்னார்வத் திட்டத்தோடு பொருத்திப் பாருங்கள். பராமரிப்பாளர் தூங்கி எழுந்து, அலுவலகம் போய், மதியம் மின்னஞ்சலைத் திறப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

இங்கே ஒரு மறுப்பு எழும், அது வலுவான மறுப்பு. இப்போதெல்லாம் வேர்ட்பிரஸ் தானாகவே புதுப்பித்துக்கொள்கிறதே? உண்மைதான். 2013 அக்டோபரில் வந்த வேர்ட்பிரஸ் 3.7, சிறு பாதுகாப்புத் திருத்தங்களைப் பின்னணியில் தானே நிறுவிக்கொள்ளும் வசதியோடு வந்தது. வலையுலகின் பாதுகாப்புக்கு அது செய்த நன்மை பெரிது. 2017 ஜனவரியில் யார் வேண்டுமானாலும் எந்தக் கட்டுரையையும் திருத்தக்கூடிய ஒரு பழுது வேர்ட்பிரஸ் 4.7இல் கண்டுபிடிக்கப்பட்டபோது, 26ஆம் தேதி திருத்தத்தைச் சத்தமில்லாமல் அனுப்பி, பெரும்பாலான தளங்கள் புதுப்பித்துக்கொள்ள அவகாசம் கொடுத்து, பிப்ரவரி 1 அன்றுதான் பழுதின் விவரத்தை வெளியிட்டார்கள். தானியங்கிப் புதுப்பிப்பை அணைத்து வைத்திருந்த தளங்களின் பக்கங்கள் அதன்பின் லட்சக்கணக்கில் சிதைக்கப்பட்டன. வசதி வேலை செய்தது என்பதற்கும் அதை எல்லோரும் பயன்படுத்துவதில்லை என்பதற்கும் இது ஒருசேரச் சான்று. மையத்தைப் புதுப்பிப்பது ஒருபுறம் இருக்க, பிளகின்கள் வேறு ஆட்கள் எழுதுபவை. 2017 டிசம்பரில், சுமார் 3 லட்சம் தளங்களில் இருந்த கேப்சா என்ற பிளகினில் பின்கதவு கண்டுபிடிக்கப்பட்டது. பிளகின் கைமாறிய பிறகு வந்த ஒரு புதுப்பிப்பின் வழியாகத்தான் அந்தப் பின்கதவு போய்ச் சேர்ந்தது. கவனமாகப் புதுப்பித்தவர்களுக்கே அது முதலில் கிடைத்திருக்கும். கீற்றுக் கொட்டகையில் குடியிருப்பவர் ஆண்டுதோறும் கூரை மாற்றுவார், அதில் குறையொன்றும் இல்லை, ஆள் இருக்கிறார் என்பதால் வீடு நிற்கிறது. வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூர் போகிறவர் கீற்றை நம்பிப் போக முடியாது.

மாற்று வழி புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதல்ல, சொல்லப்போனால் அதுதான் மூத்தது. 2001இல் வந்த மூவபிள் டைப், கட்டுரை எழுதி முடித்ததும் எச்டிஎம்எல் பக்கங்களைத் தயாரித்து வட்டில் கோப்பாக வைத்துவிடும். வாசகர் வந்தால் சர்வர் கோப்பை எடுத்துக் கொடுக்கும், வேறு வேலை இல்லை. ஆனால் தளம் பெரிதானால் எல்லாப் பக்கங்களையும் மறுபடி தயாரிக்க நெடுநேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. 2003இல் வந்த வேர்ட்பிரஸ்ஸில் அந்தக் காத்திருப்பு இல்லை. 2004இல் மூவபிள் டைப் உரிம விதிகளை இறுக்கியதும் பலர் இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். அன்றைய சர்வர்களின் வேகத்தில் அது சரியான முடிவு என்றே சொல்வேன். பிறகு நிலைமை மாறியது. 2008இல் கிட்ஹப்பின் நிறுவனர்களில் ஒருவரான டாம் பிரெஸ்டன் வெர்னர் ஜெக்கிலை எழுதினார். எளிய உரைக் கோப்புகளில் எழுதி, மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கிட் என்ற கருவியில் சேமித்து, ஒரு கட்டளையில் முழுத் தளத்தையும் எச்டிஎம்எல் ஆக்கிவிடலாம். 2013இல் வந்த ஹியூகோ அதே வேலையை மிக வேகமாகச் செய்தது. குபெர்நெட்டீஸ் திட்டம் 2018இல் தன் ஆவணங்களை ஜெக்கிலிலிருந்து ஹியூகோவுக்கு மாற்றியதற்கு இந்த வேகமும் பலமொழி வசதியும் காரணங்கள். இயந்திரம் இங்கேயும் உண்டு. அது எழுத்தாளரின் கணினியிலோ ஒரு தனித் தொகுப்பு சர்வரிலோ சில நொடிகள் ஓடி நின்றுவிடுகிறது. உலகத்தின் முன் நிற்பது கோப்புகள் மட்டுமே. உள்நுழைவுப் படிவம் கிடையாது, தரவுத்தளம் கிடையாது, துருபல்கெடான் போன்ற பழுதுக்கு அங்கே கால் வைக்க இடமில்லை.

பாதுகாப்பு இதில் பாதிதான். மீதிப் பாதி, உள்ளடக்கம் எங்கே இருக்கிறது என்பது. தரவுத்தளத்தில் இருக்கும் கட்டுரையை யார், எப்போது, ஏன் மாற்றினார் என்பது நிர்வாகப் பக்கத்துக்குள் நுழையக்கூடியவருக்கு மட்டுமே தெரியும். கிட்டில் இருக்கும் உரைக்கு, நிரலுக்கு உள்ளதைப் போலவே முழு வரலாறு உண்டு. யாரும் நகல் எடுக்கலாம், திருத்தம் அனுப்பலாம், இன்னொருவர் படித்துப் பார்த்துச் சேர்க்கலாம். இதன் பலனை டெபியன் தளத்தின் மொழிபெயர்ப்பில் பார்க்கலாம். பல மொழிகளில் பக்கங்கள் உண்டு, மொழிபெயர்ப்பவர்கள் தன்னார்வலர்கள், வருவார்கள் போவார்கள். ஒவ்வொரு மொழிபெயர்ப்புக் கோப்பின் தலையிலும் ஒரு வரி இருக்கும்: ஆங்கில மூலத்தின் எந்தக் கமிட்டை, அதாவது கிட்டில் பதிவான எந்த நிலையை, பார்த்து இது மொழிபெயர்க்கப்பட்டது என்ற அடையாள எண். தளம் தொகுக்கப்படும்போது அந்த எண்ணும் மூலத்தின் இன்றைய எண்ணும் ஒப்பிடப்படுகின்றன. மூலம் நெடுந்தூரம் முன்னே போய்விட்டிருந்தால், இந்த மொழிபெயர்ப்பு பழையது, மூலத்தைப் பாருங்கள் என்ற எச்சரிக்கை பக்கத்தின் மேல் தானே வந்துவிடும். மொழிபெயர்த்தவர் காணாமல் போனாலும் பக்கம் பொய் சொல்லாது. இதற்குப் பயன்படும் டபிள்யூஎம்எல் என்ற கருவி கடந்த நூற்றாண்டைச் சேர்ந்தது, இன்று புதிதாகத் தொடங்கும் யாருக்கும் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆளில்லாத நாளை முன்கூட்டியே கணக்கில் எடுத்த வடிவமைப்பு என்ற வகையில், பளபளப்பான பல புதிய அமைப்புகளைவிட அது மேல்.

ஆனால் இந்தக் கருவிகளும் கெட்டுப்போகின்றனவே என்று கேட்கலாம். கெட்டுத்தான் போகின்றன. ஜாவாஸ்கிரிப்ட் உலகத்துக் கருவி ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், அது இழுத்துவரும் நூற்றுக்கணக்கான சிறு தொகுப்புகளில் எது எப்போது உடையும் என்று சொல்ல முடியாது. 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற 11 வரித் தொகுப்பை அதன் ஆசிரியர் நீக்கியதும் உலகெங்கும் எத்தனையோ திட்டங்களின் தொகுப்பு வேலை நின்றுபோனது. ஒரு காலத்தில் எல்லோர் வாயிலும் இருந்த கேட்ஸ்பி என்ற தளத் தொகுப்புக் கருவியை 2023இல் நெட்லிஃபை நிறுவனம் வாங்கியது, அதன்பின் அந்தப் பேச்சே அடங்கிவிட்டது. அப்பாச்சி அறக்கட்டளை தன் திட்டங்களுக்காகச் சொந்தமாகவே ஒரு அமைப்பை எழுதி ஏறத்தாழ பத்தாண்டு ஓட்டி, பராமரிக்க ஆளில்லாமல் 2021இல் மூடிவிட்டது. இவற்றை நான் மறுக்கவில்லை, என் வாதத்துக்கு இவையே துணை. தொகுக்கும் கருவி உடைந்தால் புதிய பக்கம் போட முடியாது, ஏற்கெனவே போட்ட பக்கங்கள் நின்றுகொண்டுதான் இருக்கும். உள்ளடக்கம் மார்க்டவுன் உரையாக இருந்ததால்தான் அப்பாச்சி திட்டங்கள் பெலிகன் என்ற இன்னொரு தொகுப்புக் கருவிக்கும் ஹியூகோவுக்கும் ஜெக்கிலுக்கும் பிரிந்து போக முடிந்தது. ஓடும் அமைப்பு உடைந்தால் தளமே இருக்காது, அல்லது அதைவிட மோசமாக, தளம் இருக்கும், ஆனால் வேறு யாருடைய கையிலோ இருக்கும். கெடுவதில் இருக்கும் இந்த வேறுபாடுதான் தேர்வின் அடிப்படை. கருவியை எடுக்கும்போதும் இதே அளவுகோலை வைக்கலாம். ஒரே கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளக்கூடிய ஹியூகோவின் குறிப்பிட்ட பதிப்பு பல ஆண்டு கழித்தும் ஓட வாய்ப்பு அதிகம். நூறு தொகுப்புகளை இணையத்திலிருந்து இழுத்தால்தான் எழுந்து நிற்கும் கருவிக்கு அந்த உறுதி கிடையாது.

அடுத்த மறுப்பு எனக்குச் சங்கடமானது, ஏனென்றால் அதற்கு முழுப் பதில் கிடையாது. கிட் தெரிந்தவர்கள் மட்டுமா எழுத வேண்டும்? வடிவமைப்பாளர், பயிற்சியாளர், மொழிபெயர்ப்பாளர், நிகழ்ச்சி நடத்துபவர், இவர்களில் பலருக்குக் கிளை, கமிட் என்ற சொற்களே மிரட்சி தரும். மிரட்சி இல்லாவிட்டாலும் ஒரு எழுத்துப் பிழையைத் திருத்த அத்தனை சடங்கு எதற்கு என்ற எரிச்சல் நியாயமானதே. கிட்ஹப், கிட்லேப் தளங்களில் உலாவியிலேயே பென்சில் குறியைத் தட்டித் திருத்தலாம், டெக்காப் போன்ற கருவிகள் கிட்டுக்கு மேலே வேர்ட்பிரஸ் மாதிரியான எழுதும் பலகையைத் தருகின்றன, மொழிபெயர்ப்புக்கு வெப்லேட் இருக்கிறது. இவை மிரட்சியைக் குறைக்கின்றன, அகற்றிவிடவில்லை. எனவே யார் எழுதுகிறார்கள் என்பதை நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். நிரல் எழுதுபவர்களே ஆவணமும் எழுதும் திட்டம் என்றால் பதில் சொல்லியாயிற்று. தமிழில் கட்டற்ற மென்பொருளுக்காக 2012 முதல் வரும் கணியம் போன்ற இதழ், பலதரப்பட்டவர்கள் கட்டுரை அனுப்பும் இடம். அதற்கு வேர்ட்பிரஸ் பொருத்தமானது, அதைத்தான் அவர்களும் பயன்படுத்துகிறார்கள். அங்கே எழுதுவதே முதன்மைப் பணி, ஆகவே தளத்தைக் கவனிக்கும் ஆளும் இருப்பார். பெரும்பாலான மென்பொருள் திட்டங்களில் தளம் மூன்றாம் பட்சம். எழுதும் பலகை சுலபமாக இருக்கிறது என்பதற்காக, யாரும் எழுதாத மாதங்களிலும் இயந்திரத்தை ஓடவிட்டிருப்பது லாபமா என்பதுதான் கேள்வி.

நிலையான கோப்புகளால் முடியாத வேலைகள் உண்டு என்பதும் சரியே. உறுப்பினர் கணக்கு, வேலைவாய்ப்பு அறிவிப்பு, நிகழ்ச்சிப் பதிவு ஆகியவற்றுக்கு ஓடும் நிரல் வேண்டும். பைத்தானின் முதன்மைத் தளம் 2014இல் ஜாங்கோவில் புதிதாகக் கட்டப்பட்டது. நிகழ்ச்சிகளும் வேலை அறிவிப்புகளும் அதில் இருக்கின்றன, பின்னால் சம்பளம் வாங்கும் ஆட்களைக் கொண்ட ஒரு அறக்கட்டளை இருக்கிறது. அதே பைத்தானின் ஆவணங்கள் தனித் தளத்தில், ஸ்பிங்ஸ் கொண்டு தொகுத்த வெறும் கோப்புகளாக இருக்கின்றன. ஒரே திட்டம், தேவைக்கேற்ப இரண்டு வழி. ஓட வேண்டியது ஓடட்டும், அதைச் சாக்காக வைத்து ஓட வேண்டாததையும் ஓட்ட வேண்டியதில்லை. தேடல் பெட்டியை இந்தப் பட்டியலில் சேர்க்கிறவர்கள் உண்டு, அது இப்போது பழங்கதை. தொகுக்கும்போதே சொற்பட்டியல் ஒன்றைத் தயாரித்து வைத்தால் வாசகரின் உலாவியே தேடிக்கொள்ளும். தமிழுக்கு இதில் ஒரு கூடுதல் வேலை: ‘கோப்பு’ என்று தேடுபவருக்குக் ‘கோப்புகளை’யும் ‘கோப்பிலிருந்து’ம் கிடைக்க வேண்டுமானால் விகுதிகளைக் களைந்து பார்க்கத் தெரிய வேண்டும். உலாவித் தேடலுக்குப் பயன்படும் லூனர் நூலகத்தின் மொழித் தொகுப்பில் தமிழும் உண்டு, ஆனால் விகுதிகளை அது களைகிறதா என்பதைச் சோதித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். துருபல் திட்டம் தன் தளத்தைத் துருபலிலும், வேர்ட்பிரஸ் தன் தளத்தை வேர்ட்பிரஸ்ஸிலும் நடத்துவது தனிக் கணக்கு. தங்கள் சரக்கைத் தாங்களே உண்டு காட்ட வேண்டிய கடமை அவர்களுக்கு உண்டு, பிறருக்கு இல்லை.

கடைசி மறுப்பு, நிலையான தளத்தையும் உடைக்கலாம் என்பது. சர்வரின் சாவியோ கிட் கணக்கின் கடவுச்சொல்லோ திருடுபோனால், பதிவிறக்க இணைப்பை மாற்ற ஒரு நிமிடம் போதும். இலவசமாக இடம் தரும் நிறுவனம் கடையை மூடவும் செய்யலாம், கூகுள் கோட் 2016இல் மூடியதைப் போல. இரண்டாவதற்குப் பதில் எளிது: கோப்புகளை வேறு எந்த மலிவான சர்வரில் வைத்தாலும் அப்படியே நிற்கும், டொமைன் பெயர் மட்டும் திட்டத்தின் பேரில், ஒருவருக்கு மேற்பட்டோர் புதுப்பிக்கும்படி இருக்க வேண்டும். முதலாவதற்குப் பதிலை லினக்ஸ் கெர்னலின் தளம் 2011இல் காட்டியது. ஆகஸ்ட் இறுதியில் அதன் சர்வர்களில் ஊடுருவல் கண்டுபிடிக்கப்பட்டது, தளம் ஒரு மாதத்துக்கும் மேல் மூடிக் கிடந்தது, லினஸ் டோர்வால்ட்ஸ் அந்த இடைவெளியில் கெர்னலைக் கிட்ஹப்பில் வெளியிட்டார். அவ்வளவு பெரிய உடைப்பிலும் கெர்னலின் நிரல் வரலாற்றைப் பற்றிப் பதற்றம் எழவில்லை. கிட்டில் ஒவ்வொரு கமிட்டின் அடையாள எண்ணும் அதற்கு முந்தைய எல்லாவற்றின் உள்ளடக்கத்திலிருந்தும் கணக்கிடப்படுகிறது. பழைய கோப்பில் ஒரு எழுத்தை மாற்றினாலும் அதன்பின் வரும் எண்கள் எல்லாம் மாறிவிடும், உலகெங்கும் ஆயிரக்கணக்கான நிரலாளர்களிடம் இருக்கும் நகல்களோடு அது ஒத்துப்போகாது. இன்று அந்தத் தளத்தின் பக்கங்களும் கிட் களஞ்சியத்தில் உரையாக இருந்து பெலிகனால் தொகுக்கப்படுகின்றன, ஆகவே அதே காவல் பக்கங்களுக்கும் கிடைக்கிறது. வெளியீட்டுக் கோப்புகளின் மெய்ம்மையைச் சொல்ல ஜிபிஜி கையொப்பம் தனியே உண்டு. அந்தக் கையொப்பச் சாவி தளத்தின் சர்வரிலும் இருக்கக்கூடாது, தொகுப்பு சர்வரிலும் இருக்கக்கூடாது. பதிவிறக்கக் கோப்பின் பக்கத்திலேயே, அதே சர்வரில், சரிபார்ப்பு எண்ணை மட்டும் எழுதி வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கும் திட்டங்கள் இன்னும் நிறைய இருக்கின்றன. கோப்பை மாற்றத் தெரிந்தவருக்கு அந்த எண்ணை மாற்ற எவ்வளவு நேரமாகும்?